பிரிட்டிஷ் கடற்படை ஆவணங்களில் ‘உள்வரு கடிதம்’, ‘வெளிச்செல் கடிதம்’ என்றால் என்ன?

லண்டனின் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், கடற்படையை நிர்வகித்த அட்மிரால்டி துறையின் தலைமையகத்துக்கு வந்த கடிதங்கள் ஏடிஎம் 1 (ADM, அட்மிரால்டி ஆவணங்களின் குறியீடு) வரிசையிலும், அங்கிருந்து போனவற்றின் நகல்கள் ஏடிஎம் 2-லும் இருக்கின்றன. மின்னஞ்சலில் இன்பாக்ஸும் சென்ட்டும் தனித்தனியே இருப்பதுபோலத்தான். வருவது மூலத்தாள், கட்டாகக் கட்டி வைப்பார்கள். போவதன் நகலைப் பேரேட்டில் எழுதிக்கொள்வார்கள். அதனால் ஒரே விவகாரத்தின் கேள்வி ஓரிடத்தில், பதில் வேறிடத்தில்.

கப்பல் பெயரை வைத்துத் தேடினால் கேப்டன் கடிதங்கள் எளிதில் சிக்காது. ஆண்டு, பிறகு கேப்டன் குடும்பப்பெயரின் முதலெழுத்து: அடுக்கியிருப்பது அப்படி. நெல்சன் என்றால் ‘என்’ கட்டு. பொருள்வாரியாகத் தேட, 1793 முதல் ஏடிஎம் 12 சுருக்கப் பதிவேடு உண்டு. பழகக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

அந்தப் பதிவேட்டில் குறிப்பு இருந்தால் கடிதமும் இருக்கும் என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் பல கடிதங்கள் இன்று எஞ்சவில்லை.