சென்னைக்கு வீடு மாறுகிறோம், 3 லட்சம் கடன் வாங்கலாமா?

கேள்வி: மதுரையில் 12,000 ரூபாய் வாடகை வீட்டில் ஆறு வருடமாக இருக்கிறோம். அட்வான்ஸ் 70,000 கொடுத்திருக்கிறோம். கணவருக்குச் சென்னைக்கு மாற்றல். ஜூன் இரண்டாம் வாரம் அங்கே சேர வேண்டும். மேடவாக்கத்தில் 20,000 வாடகைக்கு ஒரு வீடு பிடித்திருக்கிறது. ஆறு மாத அட்வான்ஸ் கேட்கிறார்கள், புரோக்கருக்கு ஒரு மாத வாடகை. இரண்டு பிள்ளைகளுக்கும் புதுப் பள்ளியில் முதல் தவணை 52,000. சாமான் ஏற்றிச் செல்ல ஒருவர் பில் இல்லாமல் 24,000 கேட்கிறார், இன்னொருவர் ஜிஎஸ்டி பில்லோடு 38,000. பில் கொடுத்தால் கணவரின் கம்பெனி 40,000 வரை திருப்பித் தரும். கையில் 65,000 இருக்கிறது. 2 லட்சம் எஃப்.டி. நவம்பரில்தான் முடியும். வங்கியிலிருந்து 14% வட்டிக்கு 3 லட்சம் பர்சனல் லோன் ரெடி என்று தினமும் போன் வருகிறது. வாங்கிவிடலாமா? ஆடி பிறப்பதற்குள் குடியேறிவிட வேண்டும் என்று மாமியார் சொல்கிறார். நினைத்தாலே தூக்கம் வரமாட்டேன் என்கிறது.

- மதுரை வாசகி

பதில்: அந்த லோன் வேண்டாம். உங்களுக்கு அது தேவையும் இல்லை. ஏன் என்று கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

மே கடைசிக்கும் ஜூன் பாதிக்கும் இடையில் உங்கள் கையை விட்டுப் போகப்போகும் பணம் இது: அட்வான்ஸ் 1,20,000, முதல் மாத வாடகை 20,000, புரோக்கர் 20,000, லாரி 38,000, பள்ளி 52,000. ஏசி மாட்ட, கொசுவலை அடிக்க, திரைச்சீலை வாங்க என்று போன இடத்தில் எப்படியும் ஒரு 15,000 ஆகும். மொத்தம் 2,65,000. கையில் இருக்கும் 65,000 போக, துண்டு விழுவது 2 லட்சம். இந்த எண்தான் உங்கள் தூக்கத்தைக் கெடுக்கிறது.

ஆனால் அதில் ஒரு பெரிய பங்கு திரும்பி வரும் பணம். மதுரை அட்வான்ஸில் பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகையைப் பிடித்தாலும் 58,000 வரும். கம்பெனியிலிருந்து 38,000 வரும். ஆக 96,000 ரூபாய் ஜூலை கடைசிக்குள் வந்துவிட வேண்டும். புது வீட்டு அட்வான்ஸ் முதலிலேயே போகிறது, பழைய வீட்டு அட்வான்ஸ் சாவியைக் கொடுத்த பிறகுதான் வருகிறது. வாடகை வீட்டிலிருந்து வாடகை வீட்டுக்குப் போகும் எல்லோரையும் நெருக்குவது இந்த இடைவெளிதான். இரண்டு மாத இடைவெளியைச் சமாளிக்க மூன்று வருடக் கடன் எதற்கு? 3 லட்சத்துக்கு 14% வட்டியில் மூன்று வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 10,250. வட்டி மட்டும் 69,000 ரூபாய் போகும். பிராசசிங் கட்டணம் தனி. முன்கூட்டியே அடைக்கலாம் என்றால் அதற்கும் பல வங்கிகள் கட்டணம் வைத்திருக்கின்றன.

உங்கள் எஃப்.டி.யை உடைக்காமல் அதன் மேலேயே ஓவர்டிராஃப்ட், அதாவது எஃப்.டி.யை ஈடாக வைத்து வேண்டியபோது வேண்டிய அளவு எடுத்துக்கொள்ளும் கடன், வாங்குங்கள். பெரும்பாலான வங்கிகள் 90% வரை தருகின்றன. 2 லட்சத்துக்கு 1,80,000 கிடைக்கும். வட்டி, எஃப்.டி.க்கு உங்களுக்குக் கிடைப்பதை விட 1% அல்லது சற்றுக் கூடுதல். எடுத்த தொகைக்கு, எடுத்த நாட்களுக்கு மட்டும்தான் வட்டி. எஃப்.டி.யும் அது பாட்டுக்கு வட்டி சம்பாதித்துக்கொண்டிருக்கும். மதுரைக் கிளையிலேயே, கிளம்புவதற்கு முன் முடித்துவிடுங்கள். கூட்டுப் பெயரில் இருந்தால் இருவர் கையெழுத்தும் வேண்டும். ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்: அது ஐந்து வருட வரிச் சேமிப்பு எஃப்.டி. என்றால் அதன் மேல் கடன் தரமாட்டார்கள்.

கிடைப்பது 1,80,000, துண்டு விழுவதோ 2 லட்சம். அதனால் அட்வான்ஸைக் குறைத்தாக வேண்டும். 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் வைத்திருக்கும் அளவு மூன்று மாத வாடகைதான். இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டு எழுதினால்தான் அது மாறும். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் வழக்கமாக இருந்த காலம் உண்டு, வீட்டுக்காரர்கள் லேசில் இறங்கி வர மாட்டார்கள். இருந்தாலும் கேளுங்கள். சட்டத்தைக் காட்டி மிரட்ட வேண்டாம். "நாலு மாசம் தர்றோம், வாடகை ஒண்ணாம் தேதி கணக்கில் ஏறிடும், அக்ரிமென்ட்டைப் பதிவு பண்ணிக்கலாம்" என்று உங்கள் கணவர் நேரில் போய்ப் பேசட்டும். குடும்பமாக வருகிறவர்கள், நிரந்தரச் சம்பளம் என்றால் ஒத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். நாலு மாதத்துக்கு இறங்கினால் அட்வான்ஸ் 80,000. துண்டு 1,60,000 ஆகிவிடும். ஓவர்டிராஃப்டில் 20,000 மிச்சம் இருக்கும். வயதானவர் வீட்டில் இருக்கும்போது அந்த மிச்சம் அவசியம். 8% வட்டி என்று வைத்தால், இரண்டு மாதத்தில் 96,000 திரும்பி வந்ததும் கட்டி, மீதி 64,000-ஐ நவம்பரில் எஃப்.டி. முடியும்போது அடைத்தால், மொத்த வட்டி 4,000 ரூபாய்க்குள் நிற்கும்.

மதுரை அட்வான்ஸ் சாவி கொடுக்கும் அன்றே கைக்கு வர ஒரு வழி இருக்கிறது. பெரும்பாலான வீட்டுக்காரர்கள் அடுத்து வருபவர் தரும் அட்வான்ஸை வாங்கித்தான் உங்களுக்குத் தருவார்கள். ஆகவே இன்றே நோட்டீஸ் சொல்லிவிட்டு, வீடு பார்க்க வருபவர்களுக்கு நீங்களே நல்லபடியாகத் திறந்து காட்டுங்கள். தெரிந்தவர்களிடம் சொல்லி ஆளும் பிடித்துக் கொடுங்கள். சட்டப்படி காலி செய்த ஒரு மாதத்துக்குள், பாக்கி இருந்தால் கழித்துக்கொண்டு, திருப்பித் தர வேண்டும். பெயிண்டிங்குக்கு எவ்வளவு பிடிப்பார் என்பதை இப்போதே பேசி முடியுங்கள். சாமான் ஏறிய பிறகு பேசினால் நீங்கள் அவசரத்தில் இருப்பீர்கள், அவர் இருக்க மாட்டார்.

இப்போது லாரிக்கு வருவோம். 24,000 மலிவாகத் தெரிகிறது. ஆனால் பில் இல்லாததால் கம்பெனி ஒரு பைசா தராது; 24,000-மும் உங்கள் பணம். 38,000-க்குப் பில் இருக்கிறது, முழுவதும் திரும்பி வரும். அதையே எடுங்கள். ஆனால் ஆளை நேரிலோ வீடியோ காலிலோ வரவழைத்து பீரோ, கட்டில், பரண் எல்லாவற்றையும் காட்டிவிட்டு மெயிலில் கொட்டேஷன் வாங்குங்கள். பேக்கிங், கட்டிலைக் கழற்றி மாட்டுவது, ஏற்றுகூலி, இறக்குகூலி, எத்தனையாவது மாடி, ஜிஎஸ்டி, டிரான்சிட் இன்சூரன்ஸ் எல்லாம் 38,000-க்குள் அடக்கமா என்று ஒவ்வொன்றாக எழுதி வாங்க வேண்டும். "இன்சூரன்ஸ் உண்டு சார்" என்று வாயால் சொல்வது போதாது, பாலிசி காகிதம் கேளுங்கள். முழுப் பணத்தையும் முன்னாலேயே கொடுக்காதீர்கள். சாமானை ஏற்றிக்கொண்டு பாதி வழியில் கூடுதல் பணம் கேட்டு நிறுத்துகிறவர்களைப் பற்றி நான் நிறையக் கேள்விப்படுகிறேன். எழுதி வாங்கிய தொகையும், இறக்கிய பிறகு தர வேண்டிய பாக்கியும்தான் அங்கே உங்கள் பிடி. பில் கணவர் பெயரில், தேதியோடு இருக்கட்டும். குடும்பம் சென்னைக்குப் போகும் டிக்கெட்டையும் சேர்த்துக் கொடுக்கலாமா என்று கேட்கச் சொல்லுங்கள். மாற்றலுக்காக உண்மையில் செலவழித்து, பில் கொடுத்து வாங்கும் தொகைக்கு வருமான வரி இல்லை, பழைய முறையானாலும் புதிய முறையானாலும்.

மாமியார் சொல்வது பணக்கணக்குக்கும் சாதகம்தான். வைகாசியில் நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சிவிடுங்கள். ஆனால் லாரியையும் அதே முகூர்த்த நாளில் வரவைக்க வேண்டியதில்லை. பால் காய்ச்ச ஒரு பாத்திரம், ஒரு இண்டக்ஷன் அடுப்பு, சாமி படம், அரிசி, உப்பு போதும். லாரி இரண்டு மூன்று நாள் கழித்து வார நாளில் வரட்டும். மாதக் கடைசி, சனி, ஞாயிறு, முகூர்த்த நாட்களில் வண்டி கிடைப்பதும் கஷ்டம், விலையும் ஏறும். இதற்காகப் பழைய வீட்டுக்கு ஒரு வார வாடகை கூடுதலாகக் கொடுக்க நேர்ந்தால் யோசிக்காமல் கொடுங்கள், 3,000 ரூபாய்க்குள்தான் ஆகும். ஒரே நாளில் காலி செய்து ஒரே நாளில் குடியேறுவதுதான் வீட்டில் எல்லோரையும் சண்டை போட வைக்கிறது.

சிலிண்டர் லாரியில் ஏறாது. மதுரை ஏஜென்சியில் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து, டெபாசிட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு, மாற்றல் வவுச்சரைக் கையோடு எடுத்துப் போங்கள். சென்னையில் அதைக் காட்டி டெபாசிட் கட்டினால் இணைப்பு கிடைக்கும். அடுப்பு உங்களுடையது, அது வரட்டும். கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்பதால், கிளம்பும் அன்று மீட்டரைத் தேதியோடு போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பி, அதுவரை ஓடிய யூனிட்டுக்குக் கணக்கை முடித்துவிடுங்கள். காலி வீட்டைச் சுற்றி ஒரு வீடியோவும் எடுத்து வையுங்கள்.

புது வீட்டு அக்ரிமென்ட்டில் கையெழுத்துப் போடும் முன் வீட்டுக்காரரின் பான் எண்ணைக் கேளுங்கள். வருட வாடகை 2,40,000; ஒரு லட்சத்தைத் தாண்டினால் பான் இல்லாமல் வீட்டு வாடகைப் படிக்கு வரிவிலக்குக் கேட்க முடியாது. உங்கள் கணவர் பழைய வரி முறையில் இருந்தால், மதுரையில் அடிப்படைச் சம்பளத்தில் 40% வரை என்று இருந்த உச்சவரம்பு சென்னையில் 50%. மாறிய மாதத்திலிருந்தே ஆபீசில் திருத்தச் சொல்லுங்கள்.

நகையை மூட்டைக்குள் வைத்து லாரியில் அனுப்ப வேண்டாம், நீங்களே கையில் எடுத்துச் செல்லுங்கள். மதுரையில் லாக்கர் இருந்தால், முன்கூட்டிக் கட்டிய வாடகையில் மீதி மாதங்களுக்கு உரியதை ஒப்படைக்கும்போது வங்கி திருப்பித் தர வேண்டும், கேட்டு வாங்குங்கள்.