காத்திருப்பின் செலவு

அன்புள்ள ஆசிரியருக்கு,

உயர்வெப்பம் தாங்கும் பீங்கான் பாகங்கள் செய்யும் ஒரு சிறு நிறுவனத்தின் பங்குகளை ஆறு ஆண்டுகளாக வைத்திருக்கிறேன். விற்பனை ஆண்டுக்கு ஏழெட்டு சதவீதம்தான் வளர்கிறது. பெரிய ஆர்டர் அடுத்த ஆண்டு வரும் என்று நிர்வாகம் ஒவ்வோர் ஆண்டும் சொல்கிறது. சீனர்கள் இதையே பாதி விலைக்குச் செய்துவிடுவார்களோ என்ற பயம் வேறு. வங்கியில் போட்டிருந்தாலே மேல் என்கிறார் மைத்துனர். மகளின் கல்லூரிப் படிப்புக்கு வைத்த பணத்தில் ஒரு பகுதியும் இதில் இருக்கிறது. இன்னும் எத்தனை ஆண்டு பொறுப்பது?

– கோவை வாசகர் ஒருவர்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் திட்டிவிடுகிறேன். உங்கள் மகள் எந்த ஆண்டு கல்லூரியில் சேர்வாள் என்று உங்களுக்குத் தெரியும். அந்த நிறுவனத்தின் பாகம் எந்த ஆண்டு எவருடைய உலைக்குள் ஏறும் என்பது அதன் நிர்வாக இயக்குநருக்கே தெரியாது. மகளின் படிப்புக்கு வைத்த அந்தப் பகுதியை, நஷ்டமானாலும், இந்த வாரமே விற்று வெளியே எடுங்கள். சீனாவைப் பற்றிய பயம் எல்லாத் தொழிலுக்கும் பொதுவானது. மைத்துனர்களின் கருத்தும் அப்படியே.

சில ஆண்டுகளுக்கு முன் சென்னையில் இதே வகையான ஒரு சிறு நிறுவனத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குப் போயிருந்தேன். ஈவுத்தொகை ஏன் இல்லை என்று ஒருவர் கேட்டார். இனிப்புப் பெட்டியில் போன ஆண்டு இருந்த முந்திரி பக்கோடா எங்கே என்று இன்னொருவர் கேட்டார். நிர்வாக இயக்குநர் மேசைமேல் இரண்டு வெள்ளை வளையங்களை வைத்தார். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. ஒன்றை விளக்குக்கு நேரே சாய்த்தபோதுதான் மயிரிழை அளவு விரிசல் தெரிந்தது. அது வாடிக்கையாளரின் சோதனையிலிருந்து திரும்பி வந்தது என்றும், கலவையை மாற்றினால் சோதனைகளை முதலிலிருந்தே தொடங்க வேண்டும் என்றும் சொன்னார். இன்னும் எத்தனை முறை அப்படித் தொடங்குவதற்குக் கையில் பணம் இருக்கிறது என்று அந்த அரங்கில் ஒருவரும் கேட்கவில்லை.

உங்கள் கடிதத்திலும் அந்தக் கேள்வி இல்லை. எத்தனை ஆண்டு என்று கேட்கிறீர்கள்; அந்த ஆண்டுகளுக்கான செலவை யார் கொடுக்கிறார்கள் என்று கேட்கவில்லை. புதுப்பொருள் தொழிலில் காலத்தின் பெரும்பகுதி வாடிக்கையாளரின் சோதனைக்கூடத்தில் கழிகிறது. அதை அவசரப்படுத்த எந்த நிர்வாகத்தாலும் முடியாது. ஆனால் அதுவரை சம்பளமும் மின்கட்டணமும் நிற்பதில்லை.

கார்பன் இழையை எடுத்துக்கொள்ளுங்கள். ஜப்பானின் டோரே நிறுவனம் 1961-இல் அதில் ஆய்வைத் தொடங்கி, 1971-இல் வணிக உற்பத்திக்கு வந்தது. எடையில் ஏறத்தாழ பாதி கார்பன் இழைக் கலவையால் ஆன போயிங் 787 பயணிகளை ஏற்றிப் பறந்தது 2011-இல். இடைப்பட்ட காலத்தில் அந்த இழை தூண்டில் கழியாகவும் கோல்ஃப் மட்டையின் தண்டாகவும் விற்றது. தூண்டில் கழி முறிந்தால் மீன் தப்பிக்கும், அவ்வளவுதான். விமான உறுப்புக்கான அத்தனை சோதனைகளை அங்கே எவரும் கேட்பதில்லை. டோரே சிறு நிறுவனமல்ல, நைலானும் பாலியெஸ்டரும் விற்ற பணம் அதன் பின்னால் இருந்தது என்று நீங்கள் சொல்லலாம். நான் சொல்ல வருவதும் அதைத்தான்: அங்கே காத்திருப்புக்கான பணம் வேறு சரக்குகளின் விற்பனையிலிருந்து வந்தது. அதே காலத்தில் பிரிட்டனின் ரோல்ஸ் ராய்ஸ், கார்பன் இழையை நேரே ஆர்பி211 விமான எஞ்சினின் முன்விசிறி இதழ்களில் வைக்க முயன்றது. 1970-இல் பறவை மோதல் சோதனையில் இதழ்கள் உடைந்தன. டைட்டானியத்துக்கு மாற வேண்டியதாயிற்று. 1971 பிப்ரவரியில் நிறுவனமே திவாலானது. அதற்கு இதழ்கள் மட்டும் காரணமல்ல. ஆனாலும் பொருள் பக்குவப்படும் வரை செலவைத் தாங்க அங்கே ஒரு தூண்டில் கழி இருக்கவில்லை.

உங்கள் நிறுவனத்தின் அளவுக்குச் சற்று நெருக்கமான கதை, அமெரிக்காவின் யுனிவர்சல் டிஸ்ப்ளே. 1994-இல் தொடங்கப்பட்டு 1996-இல் பங்குச் சந்தைக்கு வந்தது. மின்சாரம் பாய்ந்தால் தாமே ஒளிரும் கரிமச் சேர்மங்களால் ஆன ஓஎல்இடி திரைகளுக்கு அந்தச் சேர்மங்களை உருவாக்கியது. பழைய சேர்மங்களில் மின்சாரத்தால் உண்டாகும் கிளர்ச்சிநிலைகளில், அதாவது மூலக்கூறுகள் ஆற்றலேறி நிற்கும் நிலைகளில், கால்பங்குதான் ஒளியாகும். இரிடியம் சேர்ந்த புதிய சேர்மங்களில் கிட்டத்தட்ட முழுவதையும் ஒளியாக்கலாம். அறிவியல் அவ்வளவு தெளிவாக இருந்தும், முதல் முழு ஆண்டு லாபம் 2011-இல்தான் வந்தது. சாம்சங்குடன் பெரிய ஒப்பந்தம் கையெழுத்தானதும் அந்த ஆண்டில்தான். அதுவரை அரசு ஆய்வு ஒப்பந்தங்களும் புதிய பங்கு வெளியீடுகளும் அதைத் தாங்கின. ஒவ்வொரு வெளியீட்டிலும் பழைய பங்குதாரரின் பாகம் கரைந்தது. நீல நிறச் சேர்மத்தை 2024-இல் வணிகத்துக்குக் கொண்டுவருவோம் என்றார்கள். அந்த ஆண்டும் அது வராமலே கழிந்தது. ஆனால் இப்போது சிவப்பும் பச்சையும் விற்கும் பணத்தில் நீலத்துக்காகக் காத்திருக்கிறார்கள்.

ஆகவே வளர்ச்சி ஏழெட்டு சதவீதம் என்று அலுத்துக்கொள்ளாதீர்கள். அந்த எண் தனியாக எதையும் சொல்லாது. ஆறு ஆண்டறிக்கைகளையும் எடுத்து வைத்து, மொத்தப் பங்குகளின் எண்ணிக்கை ஆண்டுதோறும் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பாருங்கள். பணப்புழக்க அறிக்கையில் செயல்பாடுகளிலிருந்து வந்த பணம் நேர்மறையா என்று பாருங்கள். இதைச் செய்யாமல் ஆறு ஆண்டு சும்மா இருந்துவிட்டு அதற்குப் பொறுமை என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். பங்குகள் பெருகாமல், உலைச் செங்கலோ பம்பு வளையமோ விற்று அவர்கள் தம் செலவைத் தாமே தாங்கினால், மீதிப் பங்குகளை வைத்திருப்பதில் தவறில்லை. கடனிலும் புதுப் பங்கிலும் ஓடுகிறது என்றால் உங்கள் பொறுமையைத்தான் அவர்கள் செலவழித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இவ்வாண்டுப் பொதுக்கூட்டம் இணையவழியில் நடந்தால் பேச்சாளராக முன்பதிவு செய்துகொள்ளுங்கள். அந்தப் பெரிய ஆர்டர் இப்போது எந்தச் சோதனைக் கட்டத்தில் இருக்கிறது, அது ஒருமுறை தோற்றால் கையிருப்பு எத்தனை மாதம் வரும் என்ற இரண்டை மட்டும் கேளுங்கள். பதிலை எனக்கும் எழுதுங்கள்.