ஓநாயாகிவிட்டவன்

கேள்வி: இந்திய, ஐரோப்பிய மொழிகள் பலவற்றுக்கு மூலமான மொழியைப் பேசிய பண்டைய இந்தோ-ஐரோப்பிய இனக்குழுக்களில் பதின்வயது ஆண்கள் ஊரை விட்டு வெளியேறி, ஓநாய்த் தோல் போர்த்திக் குழுவாகச் சேர்ந்து, சில ஆண்டுகள் கட்டற்ற வீரர்களாக வாழ்ந்துவிட்டுத் திரும்பினார்கள் என்று படித்தேன். வேதத்தில் வைதிகச் சடங்குக்கு வெளியே திரிந்த கூட்டத்தாராக வரும் விராத்தியர்களும் அவர்களே என்கிறார்கள். வீரத்தையும் சுதந்திரத்தையும் கற்பித்த அந்த முறை இன்றைய இளைஞர்களுக்கும் வேண்டும் என்பது என் எண்ணம். உங்கள் கருத்து என்ன?

பதில்: வேண்டாம் என்பதே என் கருத்து. 'ஓநாய்' என்ற சொல்லை நீங்கள் பாராட்டாக எடுத்துக்கொள்கிறீர்கள். அந்தச் சமூகங்களோ தம் சட்டங்களில் அதைத் தண்டனையாகவே எழுதிவைத்தன. இன்றைய துருக்கியில் ஆட்சி செய்த ஹிட்டைட்டுகளின் சட்டத் தொகுப்பில், ஏறக்குறைய 3,500 ஆண்டுகளுக்கு முந்தைய 37ஆம் பிரிவு, ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு ஓடியவனைத் துரத்திச் சென்றவர்களில் இரண்டு மூன்று பேர் இறந்துபோனால் அதற்கு இழப்பீடு கிடையாது என்று கூறி, "நீ ஓநாயாகிவிட்டாய்" என்று முடிகிறது. வட ஐரோப்பாவின் பழைய நார்ஸ் மொழியில் 'வர்கர்' என்ற ஒரே சொல் ஓநாயையும் குறித்தது, சட்டத்தின் காப்பை இழந்து விரட்டப்பட்டவனையும் குறித்தது. இடைக்கால இங்கிலாந்திலும் அப்படிப்பட்டவன் 'ஓநாய்த் தலை சுமப்பவன்' எனப்பட்டான். அவனைக் கொன்றவன்மீது குற்றமில்லை. ஓநாயாவது என்றால் உறவும் உரிமையும் இல்லாதவனாவது என்றே பொருள்.

இளைஞர்களை ஏன் அந்த நிலைக்கு அனுப்பினார்கள் என்று நீங்கள் கேட்டிருக்க வேண்டும். பண்டைய அயர்லாந்தில் 'ஃபியன்' எனப்பட்ட வேட்டைக் குழுக்களில் சேர்ந்தவர்களில் பலர், வளர்ப்பு வீட்டிலிருந்து வெளியேறியும் தந்தையின் நிலம் இன்னும் கைக்கு வராத, திருமணம் செய்துகொள்ள வழியில்லாத வாலிபர்கள். சொத்து பெரியவர்களின் கையில் இருக்க, ஊருக்குள் இடமில்லாத இளமையை ஊருக்கு வெளியே தள்ளிவைத்த ஏற்பாடு அது. அந்த இளமை யார்மீது பாய்ந்தது என்பதற்குப் பண்டைய கிரேக்க நகர அரசான ஸ்பார்ட்டாவே சான்று. அங்கே தேர்ந்தெடுக்கப்பட்ட இளைஞர்கள் ஒரு குத்துவாளும் சிறிது உணவும் மட்டும் பெற்று நாட்டுப்புறத்துக்கு அனுப்பப்பட்டார்கள் என்றும், பகலில் பதுங்கியிருந்து, இரவில் சாலைகளில் அகப்பட்ட ஹெலட்டுகளைக் கொன்றார்கள் என்றும் பண்டைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதுகிறார். ஹெலட்டுகள் ஸ்பார்ட்டாவுக்கு உழுது உணவளித்த அடிமைக் குடிகள். அவர்களைக் கொல்வது பாவமாகாதிருக்க, ஸ்பார்ட்டாவின் ஆட்சியாளர்கள் ஆண்டுதோறும் அவர்கள்மீது முறைப்படி போர் அறிவித்தார்கள் என்று அரிஸ்டாட்டில் கூறியதாகவும் புளூட்டார்க் குறிப்பிடுகிறார். நாள் முழுவதும் வயலில் உழைத்துவிட்டு இருட்டில் வீடு திரும்பிக்கொண்டிருந்த ஒருவனைப் பதுங்கியிருந்து குத்துவதற்கு வீரம் என்று பெயரிட எனக்கு மனம் வரவில்லை.

நீங்கள் படித்த சித்திரம் எவ்வளவு உறுதியானது என்பதையும் பார்க்க வேண்டும். அறிஞர்கள் இந்தக் குழுக்களுக்கு இட்ட 'கோரியோஸ்' என்ற பெயர், பண்டைய ஜெர்மானிய மொழியான கோதிக்கின் 'ஹர்யிஸ்', பழைய ஐரிஷின் 'குயிரே' போன்ற சொற்களை ஒப்பிட்டு மீட்டெடுத்த மூலச்சொல். அந்தச் சொற்களுக்குப் படை, கூட்டம் என்பதே பொருள். வயதும் விலங்கும் அவற்றில் இல்லை. ரஷ்யாவின் சமாரா பகுதியில் கிராஸ்நோசமார்ஸ்கோயே என்னும் இடத்தில், பொ.ஆ.மு. 1900-1700 காலத்துக் குடியிருப்பில், தொல்லியலாளர்கள் டேவிட் ஆன்டனியும் டார்கஸ் பிரவுனும் குறைந்தது 51 நாய்கள், 7 ஓநாய்களின் எலும்புகளைக் கண்டெடுத்தார்கள். பெரும்பாலும் குளிர்காலத்தில் கொல்லப்பட்ட அந்த விலங்குகளின் தலைகள் ஒரே முறைப்படி சிறுசிறு துண்டுகளாக வெட்டப்பட்டிருந்தன. உண்ணத் தகாததை உண்டு ஓநாயாக மாறும் இளைஞர் சடங்கு அது என்பது அவர்களுடைய விளக்கம். என்னைப் பெரிதும் கவர்ந்த விளக்கம்தான். ஆயினும் அங்கே உண்டவர்களின் வயதை நாயின் எலும்பு சொல்லாது.

விராத்தியர்களை இந்த வரிசையில் சேர்ப்பதற்கு இன்னும் நிதானம் வேண்டும். அவர்களை வைதிகச் சடங்குக்குள் ஏற்றுக்கொள்ளும் முறையைச் சொல்லும் வேதச் சடங்கு நூலான பஞ்சவிம்ச பிராமணம், தலைப்பாகை, தாற்றுக்கோல், கறுப்பும் வெள்ளையுமான இரு தோல்கள், வெள்ளி அணி என்று அவர்களுடைய உடைமைகளைப் பட்டியலிடுகிறது; அங்கே ஓநாய் இல்லை. முதுமையால் தளர்ந்த விராத்தியர்களுக்கென்றே ஒரு தனிச் சடங்கையும் அதே நூல் சொல்கிறது. அவர்கள் இளைஞர் குழுவினரே என்று எப்படி முடிவுகட்டுவது? ஒரே மாதிரியான வழக்கம் இருப்பதே இன உறவுக்குச் சான்று என்றால், ஆநிரை கவர்வதை வெட்சித்திணை என்று வகுத்து வைத்திருக்கும் நாமும் இந்தோ-ஐரோப்பியர்களாகிவிட மாட்டோமா?

இந்த ஆய்வின் வரலாறும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஜெர்மானிய ஆண்களின் சடங்குக் குழுக்களைப் பற்றி 1934இல் பெருநூல் எழுதிய ஓட்டோ ஹோஃப்லர், நாஜித் தலைவர் ஹிம்லரின் ஆய்வு அமைப்பான அனனெர்பேயுடன் தொடர்பு கொண்டிருந்தவர். வெறிகொண்டு ஒன்றுபட்ட இளைஞர் கூட்டமே அரசை உருவாக்கும் ஆற்றல் என்ற அவருடைய கருத்து அன்றைய ஆட்சிக்கு இனிப்பாக இருந்தது. அதற்காகச் சான்றுகளை ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. சுவீடனின் டோர்ஸ்லுண்டாவில் 1870இல் கிடைத்த வெண்கல அச்சில் ஓநாய் உருப் போர்த்திய வீரன் ஈட்டியோடு நிற்பது உண்மை. ரோமில் பிப்ரவரி 15ஆம் நாள் ஆடும் நாயும் பலியிட்டு, இளைஞர்கள் ஆட்டுத்தோல் வாரோடு ஓடிய லூப்பர்காலியா விழாவின் பெயரில் ஓநாய்க்குரிய லத்தீன் சொல் ஒலிப்பதும் உண்மை. இவற்றைத் தனித்தனியே ஆராயலாம். எல்லாவற்றையும் ஒன்றாகத் தைத்து இன்றைய பிள்ளைகளின் தோளில் போர்த்தச் சொல்வதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

ஓநாய்த் தோலைப் போர்த்தியவர்களின் கதையை முழுமையாகச் சொல்வது 13ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்தில் எழுதப்பட்ட வோல்சுங்கர் சாகா. அதில் சிக்மண்டும் அவன் மகன் சின்ஃப்யோட்லியும் காட்டு வீடொன்றில் கண்ட ஓநாய்த் தோல்களை அணிகிறார்கள், கழற்ற முடியவில்லை. ஓநாய்களாகத் திரிந்து மனிதர்களைக் கொல்கிறார்கள். ஒரு நாள் சினம் தலைக்கேறிய தந்தை மகனின் குரல்வளையையே கடித்துவிடுகிறான். பின்பு அவனை முதுகில் சுமந்து வீட்டுக்குக் கொண்டுவந்து, அந்தத் தோல்களைச் சபிக்கிறான். மகன் பிழைத்தெழுந்து, தோல்கள் கழன்ற நாளில், இனி எவருக்கும் அவற்றால் தீங்கு நேரக்கூடாது என்று சொல்லி இருவரும் அவற்றை நெருப்பிலிட்டு எரிக்கிறார்கள்.