ஃப்ராய்டா, ஸ்கின்னரா, யாரைத்தான் நம்புறது?

கேள்வி: அக்கா, நான் கோலாலம்பூர்ல ஒரு தனியார் காலேஜ்ல சைக்காலஜி முதல் செமஸ்டர் படிக்கிறேன். வாரா வாரம் லெக்சரர் ஒரு புது ஆளைப் பத்தி சொல்றாரு, அந்த ஆளு போன வாரம் படிச்சவர் சொன்னதெல்லாம் தப்புங்கறாரு. ஃப்ராய்டு சின்ன வயசுல நடந்ததுதான் காரணம்ங்கறாரு, ஸ்கின்னர் பழக்கம்ங்கறாரு, ரோஜர்ஸ் அன்புங்கறாரு. அப்பா, "அவங்களுக்குள்ளேயே ஒத்து வரல, இதுக்கா பிடிபிடிஎன் படிப்புக் கடன், கடைசியில தஞ்சோங் ரம்புத்தான் மனநல ஆஸ்பத்திரியிலதானே வேலை"ன்னு ஏசுறாரு. இதுக்கு நடுவுல என் தம்பி, தமிழ்ப்பள்ளி முடிச்சு இந்த வருஷம் பெராலிஹான் வகுப்பு (படிவம் ஒன்னுக்கு முன்னாடி மலாய் பழக ஒரு வருஷம் உக்கார்ற வகுப்பு), காலையில பஸ் வர்ற நேரத்துக்கு வயித்து வலின்னு படுத்துக்கிறான். கிளினிக்ல பார்த்தாச்சு, ஒன்னும் இல்லேன்னுட்டாங்க. நான் படிக்கிறதுல எது சரி, எதை வச்சு அவனைப் புரிஞ்சிக்கிறது? – வாசகி, பத்துமலை

பதில்: தங்கச்சி, முதல் செமஸ்டர்லயே இந்தக் கேள்வி வந்திருக்குன்னா நீ ஸ்லைடை மனப்பாடம் பண்ணாம யோசிச்சுப் படிக்கிறேன்னு அர்த்தம், அதுக்கே எனக்கு சந்தோஷம். ஆனா "எது சரி"ன்னு கேட்டா பதில் கிடைக்காதும்மா. "இவருக்கு முன்னாடி இருந்தவங்க மேல என்ன குறை"ன்னு கேட்டுப் பாரு, கதை தானா கோர்வையா வரும்.

1879ல ஜெர்மனியில லைப்சிக் நகரத்துல வில்ஹெல்ம் வுண்ட் ஒரு ஆய்வுக்கூடம் ஆரம்பிச்சாரு, சைக்காலஜி தனிப் படிப்பா பிறந்த வருஷம்னு எல்லா புத்தகத்துலயும் அதைத்தான் போடுவாங்க. ஒரு சத்தம் கேட்டதும் ஆளு பட்டனை அழுத்த எவ்வளவு நேரம் ஆகுதுன்னு கருவி வச்சு அளந்தாங்க, அதுவரைக்கும் தத்துவக்காரங்க பேசிட்டு இருந்த மனசை நேரக்கணக்குல பிடிச்சாங்க. உன் ஸ்லைடு அதோட நின்னுருக்கும்னு நினைக்கிறேன். ஆனா அதே வுண்ட் 1900லேர்ந்து 1920 வரைக்கும் 10 வால்யூம் எழுதினாரு, மொழி, புராணம், பழக்கவழக்கம் இதெல்லாம் பத்தி, ஏன்னா மனுஷனோட உயர்ந்த சிந்தனையை லேப்ல பட்டன் வச்சுப் புரிஞ்சிக்க முடியாது, அவன் எந்த ஜனங்களுக்குள்ள வளர்ந்தான்னு பார்க்கணும்னு அவரே நம்பினாரு. அந்தப் பாதியை பின்னாடி வந்தவங்க ரொம்ப நாளைக்கு ஓரம் கட்டிட்டாங்க, எனக்கு அது பெரிய நஷ்டமாத் தெரியுது, ஏன்னு கீழ சொல்றேன்.

அமெரிக்காவுல வில்லியம் ஜேம்ஸ், மனசைத் துண்டு துண்டாப் பிரிக்கிறது இருக்கட்டும், அது எதுக்குப் பயன்படுதுன்னு பாருங்கன்னாரு. வியன்னாவுல ஃப்ராய்டு, ஆளு தன் வாயால சொல்றதை மட்டும் நம்பி எப்படி, அவனுக்கே தெரியாம உள்ள ஓடுறது எவ்வளவு இருக்குன்னாரு. ஜான் வாட்சன்ங்கிற அமெரிக்க உளவியலாளருக்கு இந்த ரெண்டுமே பிடிக்கல. கண்ணால பார்க்க முடிஞ்ச நடத்தையை மட்டும் பேசுவோம்னு 1913ல எழுதி, 1920ல ரோசலி ரேனரோட சேர்ந்து ஒரு குழந்தைக்கு வெள்ளை எலியைக் காட்டி, அது தொடப் போற நேரத்துல பின்னாடி இரும்புக் கம்பியை சுத்தியலால அடிச்சு பயத்தைக் கத்துக்கொடுத்தாங்க. அந்தப் பயத்தை எடுத்து விடாமலே குழந்தையை அனுப்பிட்டாங்க. இன்னைக்கு எந்த யூனிவர்சிட்டியிலயும் இதுக்கு அனுமதி கிடைக்காது, கிடைக்கவும் கூடாது.

இதோட நிறுத்திடாதே, 1924ல மேரி கவர் ஜோன்ஸ் என்ன பண்ணாங்கன்னும் படி. பீட்டர்னு ஒரு பையன், மூணு வயசு இருக்கும், முயலைப் பார்த்தாலே அலறுவான். அவன் பிடிச்சதை சாப்பிட்டுட்டு இருக்கும்போது முயலைக் கூண்டோட தூரத்துல வச்சாங்க, அவன் அழாம இருந்தா கொஞ்சம் கிட்ட, அப்புறம் இன்னும் கொஞ்சம் கிட்ட, மத்த பிள்ளைங்க பயப்படாம முயலோட விளையாடுறதையும் பார்க்க வச்சாங்க, கடைசியில அவனே தடவிக் கொடுத்தான். பயம் வர்ற வழி எதுவோ போற வழியும் அதேதான்னு காட்டின அந்தம்மாவைப் புத்தகங்கள்ல ஒரு வரியில முடிச்சிடுறாங்க.

அப்புறம் நடத்தை, நடத்தைன்னே முப்பது நாப்பது வருஷம் ஓடுனதும், உள்ள யோசனைன்னு ஒன்னு நடக்குதே அதை எப்படி விட முடியும்னு 1950கள்லேர்ந்து எதிர்ப்பு கிளம்புச்சு. வாட்சன் வழியில வந்த ஸ்கின்னர் மொழியைப் பத்தி எழுதின புத்தகத்தை 1959ல மொழியியல்காரர் சாம்ஸ்கி விமர்சனத்துல கிழிச்சு எடுத்தாரு, 1967ல நைசர் "அறிதல் உளவியல்"னு பேரையே போட்டு புத்தகம் கொண்டு வந்தாரு. ஆரன் பெக் கதைதான் இதுல எனக்குப் பிடிச்சது. அவரு ஃப்ராய்டு வழியில பயிற்சி எடுத்தவரு, மனச்சோர்வுல இருக்கவங்க கனவுல உள்ளடக்கின கோபம் இருக்கும்னு நிரூபிக்கத்தான் போனாரு, கனவைக் கேட்டா தோத்துப்போறதும் இழக்கிறதும்தான் வருது. சரி, தரவு வேற சொல்லுதுன்னு தன் கொள்கையை மாத்திக்கிட்டு, ஆளு தன்னைப் பத்தி என்ன நினைக்கிறாங்கிறதுலேர்ந்து சிகிச்சையைக் கட்டினாரு. இன்னைக்கு சிபிடின்னு (நினைப்பையும் நடத்தையையும் மாத்துற பேச்சு சிகிச்சை) எல்லாரும் சொல்றது பெரும்பாலும் அங்கேர்ந்து வந்ததுதான். அப்பா கேட்டா இதைச் சொல்லு, ஒத்து வராம சண்டை போட்டதாலதான் இந்தப் படிப்பு வளர்ந்துச்சு.

இப்ப தம்பி. ஸ்கின்னர் வழியில பார்த்தா, வலிக்குதுன்னான், வீட்ல விட்டாங்க, உடனே நெஞ்சு லேசாச்சு, அந்த நிம்மதியே நாளைக்கும் வலியைக் கூப்பிடும். நடிக்கிறான்னு மட்டும் நினைச்சிடாதே, பயத்துல வயிறு நிஜமாவே வலிக்கும், மூளைக்கும் குடலுக்கும் நடுவுல அவ்வளவு நரம்புத் தொடர்பு இருக்கு. பெக் வழியில பார்த்தா, வாயைத் திறந்தா சிரிப்பாங்கன்னு ஒரு நினைப்பு உள்ள ஓடிட்டு இருக்கலாம். ரோஜர்ஸா இருந்தா எதையும் திருத்தாம முதல்ல உக்கார்ந்து கேப்பாரு, போனாதான் நல்ல பிள்ளைன்னு இல்லாம, போகாட்டியும் அவன் இந்த வீட்டுப் பிள்ளைதான்னு அவனுக்குத் தெரியணும்பாரு.

ஆனா வுண்டோட அந்த மறந்த பாதியை எடுத்து வச்சுப் பாரு. ஆறு வருஷம் தமிழ்ல படிச்சு, டீச்சர் பேரு சொல்லிக் கூப்பிட்ட வகுப்புலேர்ந்து, ஆயிரம் பேரு இருக்க பள்ளிக்கு வந்திருக்கான், சிக்கு (டீச்சர்) பேசுற மலாய் வேகமா ஓடுது, கூடப் படிச்சவனுங்க சிலர் நேரா படிவம் ஒன்னு போயிட்டாங்க, இவன் பெராலிஹான்ல உக்கார்ந்திருக்கான். எங்க காலத்துல ரிமூவ் கிளாஸ்ம்பாங்க, அதுல உக்கார்ந்தவங்களுக்கு அந்த ஒரு வருஷம் எப்படி உள்ள அறுக்கும்னு கேட்டுப் பாரு. இது அவன் மண்டைக்குள்ள மட்டும் இருக்க கோளாறு இல்லைமா. 2008ல ஆர்னெட்னு ஒருத்தர் அமெரிக்க உளவியல் இதழ்களை எண்ணிப் பார்த்தாரு, அதுல ஆய்வுக்கு உட்பட்டவங்கள்ல 96 சதவீதம் பேரு, உலக ஜனத்தொகையில 12 சதவீதம் மட்டுமே இருக்க பணக்கார மேற்கத்திய நாட்டுக்காரங்க. பெராலிஹான் வகுப்புல உக்கார்ந்திருக்க நம்ம பையன் அந்தப் புத்தகத்துல இல்ல. உன்னை மாதிரி பிள்ளைங்க இதைப் படிக்கணும்னு நான் பிடிவாதமா சொல்றதுக்கு இதுதான் காரணம்.

அவனுக்கு நீ டாக்டரா ஆகாதே, அக்காவா இரு. யாராவது அடிக்கிறாங்களா, காசு பிடுங்குறாங்களான்னு மெதுவா கேளு, இதை முதல்ல கேளு, அப்படி ஏதாவது இருந்தா மத்த எதுவும் அப்புறம்தான். அம்மாவைக் கூட்டிக்கிட்டு பள்ளியோட கவுன்சலிங் சிக்குவைப் போய்ப் பாருங்க, பீட்டருக்கு முயலைக் கிட்ட கொண்டு வந்த மாதிரி, முதல்ல கவுன்சலிங் ரூம்ல ஒரு மணி நேரம், அப்புறம் பிடிச்ச ஒரு பாடம், அப்புறம் அரை நாள்னு ஏற்பாடு பண்ண முடியுமான்னு பேசுங்க. முழுசா வீட்லயே வச்சுக்க வேணாம், நாள் ஆக ஆக திரும்பப் போறது கஷ்டமாகும். சாப்பாடு தூக்கம் குறைஞ்சுட்டா, சாகணும்னு ஏதாவது பேசினா காத்திருக்காம உடனே ஆஸ்பத்திரி. அவசரத்துக்கு சுகாதார அமைச்சோட மனநல உதவி எண் ஹீல் லைன் 15555, அதையும் போன்ல போட்டு வை.

அப்பாவுக்கு ஒரு பதில் பாக்கி. தஞ்சோங் ரம்புத்தான் ஆஸ்பத்திரி 1911லேர்ந்து எத்தனையோ குடும்பங்களுக்கு ஆதரவா நின்ன இடம், அதைக் கேலியாப் பேசுறது எனக்கு மனசுக்குக் கஷ்டமா இருக்கு. அங்க வேலை கிடைச்சா நல்ல வேலைதான். அதை விட்டா பிள்ளைங்க வளர்ச்சி, பள்ளி, கம்பெனிகள்ல ஆள் எடுக்கிறது, சிறை, நீதிமன்றம், மூளைக் காயம்னு கிளை நிறைய இருக்கு. மருந்து எழுதுறவங்க சைக்கியாட்ரிஸ்ட், அதுக்கு மெடிசின் படிச்சிருக்கணும். நீ கவுன்சலரா வேலை பார்க்கணும்னா 1998ம் வருஷத்து கவுன்சலர் சட்டப்படி பதிவு பண்ணணும். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆகணும்னா டிகிரி மட்டும் போதாது, அந்தத் துறையிலயே மாஸ்டர்ஸ் வேணும், அதுக்கு 2016ல வந்த சுகாதாரத் துணைத் தொழில்கள் சட்டமும் இருக்கு. மாஸ்டர்ஸ் சீட் கம்மி, போட்டி ஜாஸ்தி, இதை மறைக்காம அப்பாகிட்ட சொல்லிடு, கடன் கட்டுறதுல அவருக்கு இருக்க பயம் நியாயமானதுதான். அடுத்த செமஸ்டர் ஃபீஸ் கட்டுறதுக்கு முன்னாடி உன் கோர்ஸ், படிப்புகளுக்கு அங்கீகாரம் கொடுக்கிற எம்கியூஏ லிஸ்ட்ல இருக்கான்னு பாரு, கிளினிக்கல் மாஸ்டர்ஸ்க்கு என்ன மார்க் கேக்குறாங்கன்னு யூகேஎம் மாதிரி யூனிவர்சிட்டிகளுக்கு இப்பவே எழுதிக் கேட்டுடு.