பைத்தான் படித்தாயிற்று, எழுத வரவில்லை: பதில்

தம்பி, பைத்தான் நிரல்மொழிப் பாடமெல்லாம் பார்த்தும் சொந்தமாக நிரல் எழுத வரவில்லை, அடுத்து எந்தக் கோர்ஸ் என்று கேட்டிருக்கிறீர்கள். கோர்ஸ் வேண்டாம். கம்பத்தில் அப்பாவுக்கு ஏலக்காய் வியாபாரம் என்கிறீர்களே, வேலை வீட்டிலேயே கிடக்கிறது.

போடியிலும் புத்தடியிலும் நடக்கும் ஏலக்காய் ஏல விற்பனையில் வந்த சரக்கு, விற்ற கிலோ, உச்ச விலை, சராசரி விலை எல்லாவற்றையும் மத்திய அரசின் நறுமணப் பொருள் வாரியமான ஸ்பைசஸ் போர்டு தன் இணையதளத்தில் போடுகிறது. முதலில் கொஞ்ச நாள் விலையைக் கையாலேயே ஒரு கோப்பில் அடியுங்கள். அப்புறம் பைத்தானோடு சேர்ந்தே வரும் எஸ்க்யூலைட் என்ற சின்னத் தரவுத்தளத்தில் ஏற்றுங்கள். தேதியை 2025-03-09 என்று ஆண்டு முன்னால் வரும்படி எழுதுங்கள். 09-03-2025 என்று வைத்தால் வரிசைப்படுத்தும்போது மாதங்கள் கலந்துவிடும். இதெல்லாம் செய்யும்போதுதான் பிடிபடும்.

அப்பாவிடம் காட்டுங்கள். "போன வாரத்துக்கு இப்ப எவ்வளவு கூடியிருக்கு?" என்பார். அதைக் கணக்கிடும் நிரலைத்தான் அடுத்து எழுத வேண்டும். இணையதளம் கட்ட உதவும் ஜாங்கோ பக்கம் இப்போது போகாதீர்கள். எங்காவது மாட்டிக்கொண்டால் பிழைச் செய்தியை அப்படியே இங்கே ஒட்டுங்கள், பார்க்கிறேன்.