குழந்தையைக் கேட்டு நேராக ஹைகோர்ட்டுக்குப் போகலாமா?

திருச்சியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். "ஐந்து மாதத்துக்கு முன் என் கணவர், திருவிழா பார்த்துவிட்டு வருகிறோம் என்று மகனைப் புதுக்கோட்டையில் உள்ள தன் அம்மா வீட்டுக்குக் கூட்டிப்போனார். இன்னும் திருப்பி அனுப்பவில்லை. பையனுக்கு நாலே கால் வயது. குடும்பநல நீதிமன்றத்தில் மனு போட்டேன், வாய்தா மேல் வாய்தாவாகப் போகிறது. தெரிந்தவர் மூலம் வந்த ஒருவர், ஹைகோர்ட்டுக்குப் போனால் பத்தே நாளில் போலீஸ் குழந்தையைக் கொண்டுவந்து கையில் கொடுக்கும், விவாகரத்தும் அங்கேயே முடித்துவிடலாம், சென்னையில் ஆள் இருக்கிறது என்று சொல்லி ஒன்றரை லட்சம் கேட்கிறார். கொடுக்கலாமா?"

கொடுக்காதீர்கள், சகோதரி. அவர் சொன்ன மூன்று விஷயத்தில் இரண்டு அப்பட்டமான தவறு. திருச்சியும் புதுக்கோட்டையும் 2004-லிருந்து சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையின் கீழ் வருகின்றன, உங்கள் மனு போக வேண்டிய இடம் மதுரை. இதுகூடத் தெரியாதவருக்குச் சென்னையில் எந்த ஆள் இருந்து என்ன பயன்? அடுத்து, உயர் நீதிமன்றத்தில் நேரடியாக மனு போட்டு விவாகரத்து வாங்க முடியாது. குடும்பநல நீதிமன்றத்தைத் தாண்டி நேரடியாகத் திருமணத்தை முறிக்கிற அதிகாரம் அரசியல் சாசனத்தின் 142-வது பிரிவின்படி உச்ச நீதிமன்றத்துக்கு மட்டுமே உண்டு, அதையும் அவர்கள் அரிதாகத்தான் பயன்படுத்துகிறார்கள்.

ஹைகோர்ட் மூலம் குழந்தையைக் கொண்டுவரலாம் என்று சொன்னதில்தான் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அவர் சொல்வது ஆட்கொணர்வு மனுவை. ஒருவரைச் சட்டவிரோதமாகப் பிடித்து வைத்திருக்கிறார்கள், நீதிமன்றத்தின் முன் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லுங்கள் என்று கேட்கிற மனு அது. இரண்டு நீதிபதிகள் அமர்வு விசாரிக்கும், வேகமாகவும் நடக்கும். ஆனால் பெற்ற அப்பாவிடம் குழந்தை இருப்பதைச் சட்டவிரோதம் என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட மாட்டார்கள். 2019-ல் உச்ச நீதிமன்றமும், குழந்தை யாரிடம் இருப்பது என்ற சண்டைக்கு வழக்கமான வழி கீழ் நீதிமன்றம்தான், அங்கே போதிய நிவாரணம் கிடைக்காத விதிவிலக்கான நிலையில்தான் ஆட்கொணர்வு மனு என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. காரணம் எளிது. உயர் நீதிமன்றம் இந்த மனுவில் சாட்சிகளைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்வதில்லை, பிரமாணப் பத்திரங்களை வைத்துத்தான் முடிவெடுக்கிறது. உங்கள் கணவர் அங்கே வந்து "இவளால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள முடியாது, அடிக்கிறாள்" என்று நாலு பக்கம் எழுதிக் கொடுத்தால், சரி, இதையெல்லாம் குடும்பநல நீதிமன்றத்தில் நிரூபித்துக்கொள்ளுங்கள் என்று திருப்பி அனுப்பிவிடவும் வாய்ப்பு உண்டு.

ஆனால் உங்கள் விஷயத்தில் ஒன்று இருக்கிறது, அதை நன்றாகக் கவனியுங்கள். இந்துக்களுக்கான 1956-ம் ஆண்டு இளவர் (மைனர்), காப்பாளர் சட்டத்தின் 6-வது பிரிவு அப்பாவை இயற்கைக் காப்பாளர் என்று சொல்லிவிட்டு, கையோடு, ஐந்து வயது முடியாத குழந்தை சாதாரணமாக அம்மாவிடம்தான் இருக்க வேண்டும் என்கிறது. உங்கள் மகனுக்கு நாலே கால். அதாவது இன்னும் ஒன்பது மாதம்தான் இந்த வரி உங்கள் பக்கம் நிற்கும். ஐந்தாவது பிறந்தநாள் வந்ததும் குழந்தை தானாக அப்பாவுக்குப் போய்விடும் என்று அர்த்தமில்லை, அதற்குப் பிறகும் குழந்தையின் நலன்தான் பெரிது. ஆனால் இப்போது "ஏன் அம்மாவிடம் இருக்கக் கூடாது" என்று அவர்தான் காரணம் சொல்ல வேண்டிய இடத்தில் இருக்கிறார், அப்புறம் அந்தச் சாதகம் போய்விடும். "சாதாரணமாக" என்ற சொல்லையும் விட்டுவிடாதீர்கள். வலுவான காரணம் காட்டினால் ஐந்து வயதுக்குக் கீழேயும் நீதிமன்றம் மாற்றிச் சொல்லலாம். இருந்தாலும், சொல்லிவிட்டுக் கூட்டிப்போய்த் திருப்பி அனுப்பாமல் வைத்துக்கொண்ட நாலு வயதுப் பையன் என்றால் ஆட்கொணர்வு மனுவைக் காது கொடுத்துக் கேட்பார்கள். இதை வருடக்கணக்கில் இழுக்கிற குடும்பநல நீதிமன்றத்தை நினைத்தால் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. சட்டம் ஐந்து வயது என்று எழுதி வைத்திருக்கிறது, சம்மன் திரும்பி வரவில்லை, நீதிபதி மாற்றலாகிவிட்டார் என்று குழந்தைக்கு ஆறு வயதாகும்வரை வாய்தா கொடுக்கிறோம்.

அதனால் இந்த வாரமே ஒன்று பாருங்கள். குடும்பநல நீதிமன்றத்தில் மெயின் மனுவோடு, வழக்கு முடியும்வரை குழந்தையை என்னிடம் ஒப்படைக்க வேண்டும் என்று தனியாக ஓர் இடைக்கால மனு போட்டிருக்கிறார்களா, அது நம்பர் ஆகியிருக்கிறதா, அதாவது நீதிமன்றம் அதை ஏற்று எண் கொடுத்திருக்கிறதா? பல வழக்குகளில் மாதக்கணக்கில் வாய்தா நடக்கும், கடைசியில் பார்த்தால் இடைக்கால மனுவே போட்டிருக்க மாட்டார்கள், அல்லது ஏதோ குறை சொல்லித் திருப்பிய மனு அலமாரியில் கிடக்கும். மனு முறையாக நம்பர் ஆகியும் இழுத்தடிக்கிறார்கள் என்றால், அரசியல் சாசனத்தின் 227-வது பிரிவில் மதுரைக் கிளைக்குப் போய், இத்தனை வாரத்துக்குள் இதை விசாரித்து முடிக்க உத்தரவிடுங்கள் என்று கேட்கலாம். இது பெரிய செலவு பிடிக்கிற வேலை இல்லை, அடிக்கடி நடப்பதுதான். ஆட்கொணர்வு மனுவா, இதுவா என்பதை உங்கள் காகிதங்களை முழுக்கப் படித்த ஒரு வக்கீல் சொல்லட்டும். மற்றபடி, குடும்பநல நீதிமன்றத்தின் இறுதித் தீர்ப்பு பாதகமாக வந்தால் 30 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய வேண்டும். இருவரும் சம்மதித்து வாங்கிய உத்தரவுக்கு அந்த மேல்முறையீடு கிடையாது, எனவே சமரசம் என்று நீட்டுகிற தாளில் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

இடைத்தரகர்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியவில்லை. இவர்கள் நீதிமன்ற வாசலில் மட்டும் இல்லை, உறவுக்காரர் வடிவத்திலும் வருவார்கள். ஜட்ஜைத் தெரியும் என்பார்கள், நாளைக் குறித்துச் சொல்வார்கள், ரசீது தர மாட்டார்கள், வக்கீலை உங்கள் கண்ணில் காட்ட மாட்டார்கள். எழுதாத தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய், யாரோ ஒருவர் பெயரில் வக்காலத்துப் போடுவார்கள். ஏற்கெனவே கீழே வழக்கு இருப்பதை மறைத்து மேலே மனு போட்டால், அது தெரிந்த நிமிஷமே உங்கள் பேச்சில் நீதிபதிக்கு நம்பிக்கை போய்விடும். ஏமாறுவது நீங்கள், பழியும் உங்கள் மேல்தான். எந்த வழக்கு போட்டாலும் அதற்கு 16 இலக்க சி.என்.ஆர். எண் உண்டு, அதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இ-கோர்ட்ஸ் தளத்திலோ செயலியிலோ அதைப் போட்டால் அடுத்த வாய்தா எப்போது, இன்று என்ன நடந்தது என்று நீங்களே பார்க்கலாம், எவரையும் கெஞ்ச வேண்டாம்.

இன்னொன்று, கெஞ்சிக் கேட்கிறேன். நாலு பேரைக் கூட்டிக்கொண்டு பாலர் பள்ளி வாசலில் போய்ப் பையனைத் தூக்கிவரலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அந்த நிமிஷமே ஆட்கொணர்வு மனு போடுகிறவர் உங்கள் கணவராகிவிடுவார், பதில் சொல்கிறவர் நீங்களாகிவிடுவீர்கள். பிள்ளை மிரண்டுபோவது தனி. பார்க்கப் போகிறேன் என்று முன்கூட்டிச் செய்தி அனுப்புங்கள், போங்கள், கதவைத் திறக்கவில்லை என்றால் அதையும் செய்தியாக அனுப்பித் தேதியோடு எழுதி வையுங்கள். நாளைக்கு மதுரையில் அதுதான் பேசும்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையே என்று கவலை வேண்டாம். 1987-ம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-வது பிரிவில் பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவசமாக வக்கீல் உண்டு. திருச்சி நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, மதுரைக் கிளைக்கென்று தனிக் குழுவும் உண்டு, 15100 என்ற எண்ணில் கூப்பிட்டும் கேட்கலாம். போகும்போது மகனின் பிறப்புச் சான்றிதழ், இதுவரை நடந்த வாய்தாக்களின் விவரம், கூட்டிப்போனபோதும் அதற்குப் பிறகும் கணவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளின் அச்சுப்படி, தடுப்பூசி அட்டை எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். செய்திகளைப் போனிலிருந்து அழித்துவிடாதீர்கள், கேட்டால் போனையே காட்ட வேண்டியிருக்கும்.