இடுப்பு முறிந்தவருக்கு உதரவிதானம் ஏன் கிழிகிறது?

கேள்வி: வாகன விபத்தில் என் அண்ணனுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. முதல் நாள் எடுத்த மார்பு எக்ஸ்ரேயில் குறையொன்றும் இல்லை என்றார்கள். ஐந்தாம் நாள் வென்டிலேட்டரை எடுத்ததும் மூச்சுத் திணறல் வந்தது. மறுபடி படமெடுத்தபோது இடப்பக்க உதரவிதானம் கிழிந்து, இரைப்பை மார்புக்குள் ஏறியிருந்தது. இடுப்பில் பட்ட அடிக்கு இது ஏன் கிழிய வேண்டும்? முதல் நாளே கண்டுபிடிக்காதது கவனக்குறைவுதானே?

பதில்: இடுப்பெலும்பு வளையம் லேசில் உடைவதில்லை. அதை உடைக்குமளவு விசை தாக்கும்போது வயிறும் நசுங்கி, உள்ளே அழுத்தம் ஒரு நொடியில் எகிறுகிறது. அதன் வேகம் தாங்காமல், வயிற்றுக்கு மேல் மூடிபோல் அமைந்த மெல்லிய தசையான உதரவிதானம் கிழிகிறது. வலப்பக்கம் கல்லீரல் அணைகட்டி நிற்பதால், பெரும்பாலும் இடப்பக்கத்தின் பின்பகுதியே கிழியும். ஊமை அடியால், அதாவது தோலைத் துளைக்காமல் உள்ளே தாக்கும் அடியால், உதரவிதானம் கிழிந்தவர்களில் சுமார் 40 சதவீதம் பேருக்கு இடுப்பெலும்பு முறிவும் உண்டு என்பது மருத்துவ நூல்களில் காணும் கணக்கு. இதைத் திருப்பிப் போட்டுப் படித்து அஞ்ச வேண்டாம். இடுப்பு முறிந்தவர்களில் உதரவிதானம் கிழிந்தவர்கள் மிகச் சிலரே.

இனி, முதல் நாள் படம். நாம் தானாக மூச்சிழுக்கும்போது மார்புக்குள் அழுத்தம் குறைந்து, கிழிசல் வழியே வயிற்றுறுப்புகள் மேலே இழுக்கப்படும். வென்டிலேட்டரோ காற்றை உள்ளே தள்ளுவதால், மார்பின் அழுத்தம் அவற்றைக் கீழேயே நிறுத்திவைக்கிறது. கருவியை எடுத்தபின் இரைப்பை மேலேறுவது இதனால்தான். அப்போது எடுக்கும் படத்தில், மூக்கு வழியாக இரைப்பைக்குள் விட்ட குழாய் வயிறுவரை இறங்கி, மறுபடி மேலே வளைந்து இட மார்பில் சுருண்டு கிடப்பது தெரிந்தால் சந்தேகத்துக்கு இடமில்லை. இரைப்பையிலுள்ள காற்றை நுரையீரலுக்கு வெளியே தேங்கிய காற்றென எண்ணி மார்பில் குழாய் செருகினால் இரைப்பையே துளைபடலாம். எனவேதான் அறுவை மருத்துவர் முதலில் விரலை விட்டுத் தடவிப் பார்க்கிறார். சிறு கிழிசல் சி.டி. ஸ்கேனுக்கும் தப்பிவிடும்.

மூச்சுக்கு மூச்சு அசையும் தசை என்பதால் இக்கிழிசல் தானாகக் கூடும் என்று நம்பியிருக்க முடியாது. கரையாத நூலால் தைக்க வேண்டும். தைக்காமல் விட்டால், பல ஆண்டுகள் கழித்துக்கூடக் குடல் அதில் சிக்கி இறுகி, இரத்த ஓட்டமின்றி அழுகக்கூடும்.

முதல் நாள் தெரியாததை மட்டும் வைத்துக் கவனக்குறைவு என்று நான் சொல்லமாட்டேன். வென்டிலேட்டரை எடுத்தபின் மூச்சுத் திணறியும் மறுபடி படமெடுக்காமல் விட்டிருந்தால் அதுவே குற்றம். உங்கள் அண்ணனுக்கு எடுத்திருக்கிறார்கள்.